கடைத் தீனியா, வீட்டுத் தீனியா? கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் கடல் மீன் தொட்டி வைத்திருக்கிறீர்கள் என்றால், அன்றாடத் தீனியில் பெரும்பங்கு வீட்டில் செய்ததாக இருக்கட்டும். கூடவே நல்ல கம்பெனி பெல்லட் (காய்ந்த குருணைத் தீனி) ஒரு டப்பா கட்டாயம் வேண்டும். கடையில் விற்கும் ஃப்ரோசன் க்யூப்பை (உறைய வைத்த தீனிக் கட்டி) மட்டும், அந்தக் கடையின் ஃப்ரீசரைக் கண்ணால் பார்க்காமல் வாங்காதீர்கள்.

என் தொட்டி ஆறடி. ஒரு ஜோடி க்ளௌன், ஒரு பவுடர் ப்ளூ டாங், ஒரு ஃபாக்ஸ்ஃபேஸ், ஒரு காப்பர்பேண்ட் பட்டர்ஃபிளை, அப்புறம் சில டாம்சல்கள். பவளம் வைப்பதில்லை. நம் கடலின் கல்பவளங்களை எடுப்பதும் விற்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அந்தப் பக்கம் போக எனக்கு விருப்பமில்லை. இந்த மீன்களுக்குள்ளேயே பாசி தின்பது, புழு கொத்துவது, கிடைத்ததையெல்லாம் விழுங்குவது என்று எல்லா ரகமும் இருக்கின்றன. அதனால் ஒரே டப்பாவை வைத்து ஓட்ட முடியாது.

பெல்லட்டிலிருந்து தொடங்குகிறேன். ஹிகாரி மரைன் எஸ், நியூ லைஃப் ஸ்பெக்ட்ரம், ஓஷன் நியூட்ரிஷன் ஃபார்முலா டூ, இந்த மூன்றும் என் வீட்டில் மாறி மாறி இருந்திருக்கின்றன. மூன்றையும் தைரியமாக வாங்கலாம். மரைன் எஸ் குருணை சிறியது, மெதுவாக இறங்கும், க்ளௌன் வாய்க்குப் பொருத்தம். பெரிய மீனுக்கு அதே கம்பெனியின் மரைன் ஏ இருக்கிறது. ஃபார்முலா டூவில் பாசி அதிகம், டாங் வகைகளுக்கு ஏற்றது. வேறு எந்த டப்பா வாங்கினாலும் திருப்பிப் பொருட்பட்டியலைப் படியுங்கள். முதலில் எழுதியிருப்பதுதான் அதிகம் சேர்த்தது. கிரில், மீன், கணவாய் என்று தொடங்கினால் சரி. கோதுமை மாவில் தொடங்கினால் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

கொளத்தூர்ப் பக்கம் சில கடைகளில் பெரிய மூட்டையைப் பிரித்து பாலித்தீன் கவரில் போட்டு எடைக்கு விற்கிறார்கள். விலை பாதிகூட இருக்காது. நான் வாங்க மாட்டேன். பெல்லட்டில் சேர்க்கும் வைட்டமின் சி காற்றும் வெளிச்சமும் பட்டால் குறைந்துகொண்டே வரும், மீன் எண்ணெய் காறிப்போகும். கவரில் தேதி கிடையாது, எப்போது பிரித்தார்கள் என்று கடைக்காரருக்கே நினைவிருக்காது. சின்ன டப்பா, மூடி சீல் உடையாதது, திறந்தபின் ஃப்ரிட்ஜில் வைத்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பது, இதுதான் பாதுகாப்பு. மோந்து பாருங்கள்: நல்ல பெல்லட்டில் கருவாட்டு வாசம் வரும், கெட்டதில் பழைய எண்ணெய் நாற்றம் வரும்.

அடுத்தது ஃப்ரோசன். மைசிஸ் இறால் நல்ல தீனி, அதில் சந்தேகமே இல்லை. பெல்லட்டைத் தொடாத மீன்கூட மைசிஸுக்கு இறங்கி வரும். வளர்ந்த ஆர்ட்டீமியா, அதாவது ப்ரைன் ஷ்ரிம்ப், அப்படியல்ல. அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஸ்பைருலினாவோ வைட்டமினோ ஊட்டியதாக இருந்தால் மட்டும் காசு கொடுக்கலாம். குழிகுழியாக வரும் ஹிகாரி க்யூப் அட்டைகளில் அப்படி ஊட்டியதும் கிருமி நீக்கியதும் வருகிறது, தயாரிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல் அதற்குப் பிறகுதான். விமான நிலையத்திலிருந்து நம் கை வரைக்கும் அது உருகாமல் வர வேண்டும். நம் ஊர் வெயில், மின்வெட்டு, ஐஸ்கிரீம் ஃப்ரீசரின் மூலையில் சொருகி வைக்கும் பழக்கம், எல்லாவற்றையும் தாண்டி வர வேண்டும். ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) வாங்கிய அட்டையை வீட்டில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு குழியிலும் இறால் ஒரு பக்கமாகச் சரிந்து, மறுபக்கம் வெறும் ஐஸ். உருகி மறுபடி உறைந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். கரைத்தால் முழு இறால் ஒன்றுகூட இல்லை, பழுப்பு நிறச் சாறுதான் வந்தது. திருப்பிக் கொடுக்கப் போனால், "எல்லாம் இப்படித்தான் சார் வரும்" என்றார்கள். அப்படி வராது. நல்ல அட்டையில் இறால் குழி முழுக்கப் பரவியிருக்கும், கண்கள் கருப்பாகத் தனித்தனியாகத் தெரியும். வாங்குமுன் கடையிலேயே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். காட்ட மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள்.

சரி, வீட்டுத் தீனிக்கு வருகிறேன்.

அடிப்படை இறால், கடம்பா (மற்ற ஊர்களில் கணவாய் என்பார்கள்), கிடைத்தால் மட்டிக் கறி, அப்புறம் கடற்பாசி. எல்லாமே கடலில் விளைவதுதான், காரணத்தோடுதான் சொல்கிறேன். ஈபிஏ, டிஹெச்ஏ என்ற கொழுப்பமிலங்களை நன்னீர் மீன்கள் ஓரளவு தாமாகவே உண்டாக்கிக்கொள்ளும். கடல் மீன்களில் பெரும்பாலானவற்றால் அது முடியாது, சாப்பாட்டிலேயே வர வேண்டும். டிஸ்கஸ் என்ற நன்னீர் மீன் வளர்ப்பவர்கள் மாட்டு இதயம் அரைத்துப் போடுவதைப் பார்த்து இங்கேயும் சிலர் செய்கிறார்கள். வேண்டாம். அந்தக் கொழுப்பு கடல் மீனின் உடம்புக்கு ஏற்றதல்ல.

இறாலைக் காசிமேட்டில் விடிந்ததும் வாங்குவதுதான் சிறப்பு. நான் வழக்கமாக வாங்கும் அக்காவிடம், "பவுடர் போடாத இறால் வேணும்க்கா, மீன் தொட்டிக்கு" என்று சொல்லிவிடுவேன். "இது காலைல வந்த போட்டுது தம்பி, தலையப் பாரு" என்று ஒன்றை எடுத்துக் காட்டுவார். தலையைப் பார்ப்பது சரியான வழிதான். மருந்து போடாத இறாலுக்குத் தலையில்தான் முதலில் கருப்பு ஏறும். விடிகாலையில் கறுக்காமல் இருந்தால் புதுசு. மதியத்துக்கு மேலும் கறுக்காமல் பளபளவென்று இருந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும். கறுக்காமல் இருக்க சோடியம் மெட்டாபைசல்ஃபைட் என்ற பவுடரைப் போடுவது வழக்கம். சூப்பர் மார்க்கெட் ஃப்ரோசன் பாக்கெட்டில் ஈ223 என்றால் அதுதான். ஈ451 என்றிருந்தால் அது பாஸ்பேட், இறால் தண்ணீரைப் பிடித்து வைத்து எடை காட்டுவதற்காக. தொட்டியில் பாஸ்பேட் ஏறினால் கண்ணாடியெல்லாம் பாசி. ஸ்கிம்மருக்கும் (அழுக்கை நுரையாக எடுக்கும் கருவி) ஃபில்டர் மீடியாவுக்கும் அவ்வளவு செலவு செய்துவிட்டுத் தீனி வழியாக அதை உள்ளே விடுவதில் அர்த்தமே இல்லை.

தொட்டியில் க்ளீனர் இறால் (மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்யும் உயிருள்ள இறால்) வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்கவும். பண்ணை வனாமி இறாலில் வெண்புள்ளி வைரஸ் இருக்க வாய்ப்புண்டு. மீனுக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் இறாலுக்கும் நண்டுக்கும் ஆபத்து. உறைய வைத்தால் அது போய்விடும் என்று நம்ப வேண்டாம். கடல் இறாலிலும் இது அறவே இருக்காது என்று சொல்ல முடியாது. அதனால் க்ளீனர் இறால் இருந்தால் வெந்த இறாலையே சேர்ப்பது நல்லது.

செய்முறையில் ஒரே ஒரு விஷயத்தில்தான் பிடிவாதமாக இருக்கிறேன்: மிக்ஸி கூடாது. மிக்ஸியில் அரைத்தால் கூழாகும், தண்ணீரில் போட்டதும் புகைபோல் கலங்கும், பாதி யார் வாயிலும் போகாமல் ஃபில்டருக்குப் போகும். தலையும் ஓடும் நீக்கி, முதுகில் ஓடும் கருப்புக் குடலை உருவி, ஆர்ஓ தண்ணீரில் அலசி, அரை மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். பாதி உறைந்த இறாலைக் கூர்மையான கத்தியில் அரிந்தால் வழுக்காது, சிதறாது, மிளகு அளவுக்குச் சுத்தமான துண்டுகள் விழும். கடம்பாவின் தோலை உரித்துவிட்டு மெல்லிய கீற்றாக அரிய வேண்டும். அது ரப்பராக இழுபடும், பெரிய துண்டானால் டாம்சல் மென்று மென்று துப்பிவிடும். மத்தி போன்ற எண்ணெய் மீன்களை நான் சேர்ப்பதில்லை. எண்ணெய் மேலே மிதந்தால் ஸ்கிம்மரில் நுரை அப்படியே படுத்துவிடும்.

மத்தி, நெத்திலியை விலக்க இன்னொரு காரணமும் உண்டு. அவற்றில் தயாமினேஸ் என்ற என்சைம் இருக்கிறது, வைட்டமின் பி1ஐ அழித்துவிடும். சில மட்டிகளிலும் இறால்களிலும்கூட உண்டு. வேகவைத்தால் போகும், ஃப்ரீசரில் வைப்பதால் போகாது. வெறும் பச்சை இறாலை மட்டுமே மாதக்கணக்கில் போட்டு வளர்ப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. மீன் ஆசையாகத்தான் சாப்பிடும், வயிறும் நிறையும், உள்ளே சத்து குறைந்துகொண்டே வரும். பல வகை கலப்பதும், செல்கான் போன்ற வைட்டமின் சொட்டு சேர்ப்பதும், இடையிடையே பெல்லட் போடுவதும் இதற்காகத்தான். பெல்லட் டப்பா கட்டாயம் என்று நான் சொன்னதும் இதனால்தான்.

பாசிதான் பலரும் விட்டுவிடும் இடம். பவுடர் ப்ளூவும் ஃபாக்ஸ்ஃபேஸும் நாள் முழுக்கப் பாறையில் பாசி மேய்கிற மீன்கள். இறால் எவ்வளவு போட்டாலும் அவற்றுக்குச் சாப்பாடு ஆகாது. எளிய வழி சுஷிக்கு விற்கும் நோரி: உப்பும் எண்ணெயும் மசாலாவும் சேர்க்காததாகப் பார்த்து வாங்கிக் கண்ணாடியில் க்ளிப் போட்டு மாட்டிவிடலாம். இன்னும் நல்லது நம் கடல் பாசி. ராமநாதபுரம் கரையில் எடுக்கும் கஞ்சிப்பாசியைக் காய வைத்தது கிடைத்தால் விடாதீர்கள். ஊறவைத்துப் பலமுறை அலசி மணலைப் போக்கி, பொடியாக நறுக்கி இறாலோடு கலக்கிறேன். பவுடர் ப்ளூ இறால் துண்டை விட்டுவிட்டு அந்தச் சிவந்த இழைகளைத் தேடிப் பிடித்துத் தின்னும். வயிறு ஒட்டி வந்த மீன், பாசி பழகியபிறகு பக்கம் உப்பி, நீலம் ஏறி நிற்பதைப் பார்ப்பது பெரிய சந்தோஷம். மெரினா, ராயபுரம் தடுப்புக் கற்களில் வளரும் பச்சைப் பாசியைச் சுரண்டி வர வேண்டாம். அந்தத் தண்ணீரில் என்னென்ன கலக்கிறது என்று நமக்கே தெரியும்.

கலவையை அகரில் கட்டுவார்கள் சிலர். அகர் கொதித்தால்தான் கரையும், கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் கலவையையும் வைட்டமினையும் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் வைட்டமின் வீண். எனக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி எடுத்து, மெல்லிசாகத் தட்டி உறைய வைத்துவிட்டால் கடலைமிட்டாய் மாதிரி வேண்டிய அளவு உடைத்துக்கொள்ளலாம். உடைத்ததைத் தொட்டித் தண்ணீரில் கரைத்து, டீ வடிகட்டியில் வடித்து, சாறைக் கொட்டிவிட்டுத் துண்டுகளை மட்டும் போட வேண்டும். கடை க்யூப்புக்கும் இதே முறைதான். பூண்டுச் சாறு ஒரு சொட்டு விட்டால் சில மீன்கள் ஆர்வமாக வரும். அது மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோயை (இறால் வைரஸ் வேறு, இது வேறு) குணப்படுத்தும் என்று சொல்லி விற்பதை மட்டும் நம்பாதீர்கள்.

காப்பர்பேண்டுக்குத் தனி வழி. நீண்ட மூக்கால் இடுக்கில் கொத்தும் மீன் அது, மிதந்து வரும் தீனியை ஏறெடுத்தும் பார்க்காது. பாதி ஓட்டோடு மட்டியைப் பாறையில் வைத்தால் சுற்றிச் சுற்றி வந்து கொத்தத் தொடங்கும். பிறகு அதே ஓட்டில் வீட்டுக் கலவையை அப்பி வைத்துப் பழக்கலாம். எந்த டப்பாவிலும் இதற்கு வழியில்லை. காப்பர்பேண்ட் வாங்க நினைப்பவர்கள், கடையில் அது சாப்பிடுவதை நேரில் பார்த்தபிறகு மட்டும் பணம் கொடுங்கள்.

செலவென்று பார்த்தால் வீட்டுத் தீனி பக்கத்தில் எதுவும் வராது. ஒரு கிலோ இறாலும் அரை கிலோ கடம்பாவும் என் தொட்டிக்குப் பல வாரம் வரும், அந்தக் காசுக்கு ஃப்ரோசன் அட்டை சிலதுதான் கிடைக்கும். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கப் போகும், கையில் வாடை இரண்டு நாள் நிற்கும், வீட்டில் ஃப்ரீசர் தட்டு ஒன்றை விட்டுக்கொடுக்க மனசு வர வேண்டும். இரண்டு க்ளௌன் மட்டும் வைத்திருப்பவருக்கு இத்தனை தேவையில்லை. நல்ல பெல்லட்டும், நம்பிக்கையான கடையில் வாங்கிய மைசிஸும் போதும்.

செய்வதானால் ஏப்ரல் பிறக்குமுன் செய்துவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் போகாது, நல்ல கடல் இறால் கிடைப்பது அரிது, விலையும் ஏறும். காற்றுப் புகாமல் கட்டினால் கலவை மூன்று மாதம் தாங்கும், அதற்கு மேல் வைக்காதீர்கள். வெள்ளைப் பூ பூத்ததுபோல் ஐஸ் படிந்து ஓரம் காய்ந்திருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஊருக்குப் போகும் நாட்களில் பக்கத்து வீட்டாரிடம் ஃப்ரீசர் கவரைக் கொடுக்க வேண்டாம், அவர்கள் அன்பாக இரண்டு மடங்கு போட்டுவிடுவார்கள். ஆட்டோ ஃபீடரில் பெல்லட்டைக் குறைவாக வைத்துவிட்டு, நோரி ஒரு தாளைக் க்ளிப்பில் மாட்டிவிட்டுக் கிளம்புங்கள்.