ஜிங்தெசென் மஞ்சள் கிண்ணம்: உட்புறத்தையும் பார்த்து வாங்குங்கள்

சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்தெசென்னில், கடை ஒன்றில் இந்தக் கிண்ணத்தை 480 யுவானுக்கு வாங்கினேன். மிங் வம்சப் பேரரசர் ஹோங்ஜி காலத்து (1488–1505) மஞ்சள் பீங்கானைப் பார்த்துச் செய்த நகல். நிறத்துக்காக மட்டுமே அந்த விலையைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

முட்டைக்கரு மாதிரி இளமஞ்சள். வாய் விளிம்பில் மெலிந்து, அடி வளையத்தை ஒட்டி மெருகு (பீங்கான்மேல் பூசிச் சுடும் கண்ணாடிப் பூச்சு) வழிந்து தேங்கிய இடத்தில் கொஞ்சம் கூடுகிறது. ஸ்ப்ரே அடித்தால் இப்படி வராது. முதலில் வெள்ளைப் பீங்கானாக நல்ல சூட்டில் சுட்டு, அப்புறம் இரும்பு ஆக்சைடு கலந்த ஈய மெருகைப் பூசி, குறைந்த சூட்டில் மறுபடி சுடுவதுதான் பழைய முறை. இதைச் செய்தவருக்குக் கை நன்றாகப் பழகியிருக்கிறது.

உள்ளேயும் அதே மஞ்சள். எனக்கு அதுதான் முக்கியம். பஞ்சபூதக் கணக்கில் சீனர்களுக்கு மஞ்சள் என்றால் மண், திசைகளில் நடு. அதனால்தான் 1530-இல், பூமியை வழிபடும் பூமி பீடத்துப் பாத்திரங்களுக்கு மஞ்சள் நிறம் விதிக்கப்பட்டது. நடுவில் அமர்ந்து ஆள்பவருக்கும் அதே நிறம். மிங்குக்குப் பின் ஆண்ட சிங் வம்சத்து அரண்மனை விதிப்படி உள்ளும் வெளியும் மஞ்சளான பாத்திரம் பேரரசர், அவருடைய தாய், பட்டத்தரசி ஆகியோருக்கு மட்டுமே. அடுத்த படியில் இருந்த தலைமைத் துணைவிக்கு வெளியே மஞ்சள், உள்ளே வெள்ளை. அவருக்கும் கீழே அடுத்த இரண்டு படிகளில் இருந்த துணைவியருக்கு மஞ்சள் தளத்தில் பச்சை டிராகன். கிண்ணத்தைப் பார்த்தே உண்பவரின் தகுதியைச் சொல்லிவிடலாம்.

கடைக்காரரோ இந்த மூன்று வகையையும் ஒரே தட்டில் அடுக்கி, எல்லாமே பேரரசர் உண்ட கிண்ணம் என்று விற்கிறார். எனக்கு இது பெரிய குறை. பச்சை டிராகன் கிண்ணம் அவ்வளவு அழகு! துணைவியின் கிண்ணம் என்று உள்ளதைச் சொல்லியே விற்கலாமே.

அடியில் நீலத்தில் உள்ள, பேரரசர் காலத்தைச் சொல்லும் ஆறெழுத்து முத்திரையும் ஏமாற்றம்தான். தூரிகையால் எழுதினால் நீலம் ஓரிடத்தில் அடர்ந்து, ஓரிடத்தில் வெளுக்கும். இதில் எல்லாக் கோடும் ஒரே அழுத்தம், அச்சு ஒட்டியிருக்கிறார்கள். இவ்வளவு நல்ல மெருகுக்குக் கீழே அது பொருந்தவில்லை.

மெருகில் ஈயம் உண்டா என்று கேட்டேன், தெளிவான பதில் இல்லை. அதனால் அலமாரியில் வைக்க மட்டும் வாங்குங்கள், சாப்பாட்டுக்கு வேண்டாம். டிராகன் இல்லாத, உள்ளும் புறமும் மஞ்சளானதையே கேட்டு, முத்திரையைக் கையால் எழுதித் தருவார்களா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.