டிராக்டர் லிஃப்ட் நாலரை இன்ச் கூடுதலாக ஏறியது: நான்கு வருடம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

வீடு மணலி புதுநகரில். நிலம் விச்சூர் தாண்டி, மூன்று துண்டாகக் கிடக்கிறது. துண்டுகளுக்கு நடுவே இருக்கும் வரப்பு ஒன்றரை அடி உயரம். கொசஸ்தலையாறு ஏறினால் தண்ணீர் பாயும் இடம் என்பதால் அப்பா காலத்திலிருந்தே மண் அணைத்து அணைத்து உயர்த்தியது. 2021 தை மாதம் நவரைப் பட்டத்துக்காக 35 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்றைப் பழையதாக வாங்கினோம், சுழலும் பிளேடுகளால் உழும் ஐந்தடி ரோட்டவேட்டரோடு. முதல் நாளே வரப்பு ஏறும்போது ரோட்டவேட்டரின் பின்பலகை வரப்பைச் சீவிக்கொண்டு போனது. பின்னால் மாட்டிய கருவியைத் தூக்கும் ஹைட்ராலிக் லிஃப்ட்டின் லீவர் முழுக்க மேலேதான் இருந்தது. அதற்கு மேல் ஏறவில்லை.

ரோட்டிலும் அதே தொல்லை. வயலுக்குப் போக திருவொற்றியூர் – பொன்னேரி – பஞ்செட்டி சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டியாக வேண்டும். முன்னும் பின்னும் கன்டெய்னர் லாரிகள் நிற்கும் சாலை அது. வேகத்தடையில் பலகை உரசி வண்டி குலுங்கினால் ஒதுங்கக்கூட இடம் இருக்காது.

பட்டறையில் காட்டினேன். ஹைட்ராலிக் பம்ப் போய்விட்டது, கழற்றி மாற்ற வேண்டும் என்றார்கள். பெரிய செலவு. மனசு ஒப்பவில்லை. ஏனென்றால் லிஃப்ட் தடங்கல் இல்லாமல், வேகமாகத்தான் ஏறியது. தூக்கி நிறுத்தினால் ராத்திரி முழுக்க இறங்காமல் நின்றது. அப்புறம் மீஞ்சூரில் ஒரு பெரியவரிடம் போனேன். சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, ரோட்டவேட்டரக் கழட்டி வெச்சுட்டு வெறுங்கையா ஒரு தடவ தூக்கு. அப்புறம் மாட்டித் தூக்கு. ரெண்டு தடவையும் மேல இருக்கிற கை எங்க வந்து நிக்குதுன்னு மட்டும் பாரு.”

அவர் ‘கை’ என்றது மேலே இருக்கும் இரண்டு லிஃப்ட் ஆர்ம்களை. நான் வெள்ளை பெயின்ட்டால் கோடு போட்டுப் பார்த்தேன். பாரம் இல்லாமலும் பாரத்தோடும் ஒரே இடத்தில்தான் நின்றன. பாரத்தோடு குறைவாக நின்றிருந்தாலோ, திணறி ஏறியிருந்தாலோ, எண்ணெய், ஃபில்டர், பம்ப், சீல் என்று தேடியிருக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றதால் பம்ப் தன் வேலையை முழுதாகச் செய்கிறது என்று அர்த்தம். குறை அதற்குக் கீழே இருக்கும் கம்பிகளின் அளவில். லிஃப்ட் ஏறவில்லை என்று யார் சொன்னாலும் நான் முதலில் செய்யச் சொல்வது இந்தச் சோதனையைத்தான். ஒரு ரூபாய் செலவில்லை.

விஷயம் இதுதான். லிஃப்ட் ஆர்ம் சுழலும் அளவு வண்டியில் நிரந்தரம். அதிலிருந்து லிஃப்ட் ராட் இரண்டு தொங்குகின்றன. அவை கருவியை மாட்டும் கீழ்க் கைகளான லோயர் லிங்க்கைப் பிடித்துத் தூக்குகின்றன. என் வண்டியில் லோயர் லிங்க் 32 இன்ச் நீளம். முன் மூட்டிலிருந்து 18 இன்ச்சில் லிஃப்ட் ராட் பிடிக்கிறது. அதனால் ராட் ஒரு இன்ச் மேலே இழுத்தால் லிங்க்கின் நுனி ஒன்றே முக்கால் இன்ச் ஏறும். ராட்டைச் சுருக்கினால் ஆர்ம் அதே அளவுதான் சுழலும், ஆனால் லிங்க் மொத்தமும் மேலே நகர்ந்து நிற்கும். முன்பு வைத்திருந்தவர் ஆழ உழவுக்காக ராட்டை நீட்டி வைத்திருந்தார் போல. அது அவர் நிலத்துக்குச் சரியாக இருந்திருக்கும்.

செய்த முறையைச் சொல்கிறேன். ரோட்டவேட்டரைத் தரையில் முழுக்க இறக்கி, எஞ்சினை அணைத்து, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். கீழே மரக்கட்டை முட்டுக் கொடுத்தேன். தூக்கி நிற்கும் கருவிக்குக் கீழே கையோ காலோ போகவே கூடாது, எண்ணெய் அழுத்தத்தை நம்பி ஒரு நிமிடம்கூட. வலது ராட்டுக்கு மேலே கைப்பிடி இருக்கிறது, சுற்றினாலே போதும். இடது ராட்டைக் கீழ்ப் பின்னைக் கழற்றி, கவட்டையைத் திருகி ஏற்ற வேண்டும். இரண்டையும் ஒன்றரை இன்ச் சுருக்கினேன். இரண்டும் ஒரே அளவு இருக்க வேண்டும். வலதை மட்டும் சுருக்கினால் ரோட்டவேட்டர் ஒரு பக்கம் சாய்ந்து உழும், வயல் மேடும் பள்ளமுமாகும்.

முழுத் தூக்கில் லோயர் லிங்க் நுனி தரையிலிருந்து 29 இன்ச் இருந்தது, இப்போது 31½ ஆனது. வரப்பை உரசாமல் தாண்டியது. ஆனால் சேற்று உழவில் போதவில்லை. சேற்றில் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிய சக்கரம் ஒரு முக்கால் அடி அமுங்கும். வண்டி அமுங்கினால் கருவியும் கூடவே அமுங்கும். வறண்ட தரையில் ஒரு அடி மேலே நிற்கும் பிளேடு, சேற்றில் மூன்று விரல்தான் மேலே இருக்கும். மூலையில் திரும்பும்போது சேற்றை வாரி வரப்பில் அப்பிவிடும்.

அதனால் இரண்டாவது படி. லோயர் லிங்க்கில் ராட் பிடிக்க இரண்டு ஓட்டை உண்டு, 18 இன்ச்சில் ஒன்று, 15 இன்ச்சில் ஒன்று. முன் ஓட்டைக்கு மாற்றினேன். நுனி 33½ இன்ச்சுக்கு வந்தது. இந்த மாற்றத்தில் மேலே ஏறும் அளவு மட்டுமல்ல, லிங்க் மேலும் கீழும் நகரும் மொத்த தூரமே கூடுகிறது. ராட்டைச் சுருக்கியதில் கீழே இழந்த ஆழத்தில் பெரும்பகுதி இதில் திரும்பக் கிடைத்தது. ஆனால் சும்மா கிடைக்கவில்லை. நெம்புகோல் குட்டையானதால் தூக்கும் பலம் ஆறில் ஒரு பங்கு குறைகிறது. என் வண்டிக்கு 1,100 கிலோ தூக்கும் திறன். ரோட்டவேட்டர் 400 கிலோவுக்குள். ஆகவே எனக்குத் தாங்கும். ஆறடி, ஏழடி கருவி வைத்திருப்பவர்கள் இந்த ஓட்டையைத் தொடும் முன் எடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பாரம் ஏறினால் முன்சக்கரம் லேசாகும், ஸ்டியரிங் பிடிப்பு போகும்.

பலரும் டாப் லிங்க்கை, அதாவது கருவியின் மேல்முனையை வண்டியோடு இணைக்கும் நடுக்கம்பியை, சுருக்கித்தான் உயரம் தேடுகிறார்கள். நானும் செய்து பார்த்தேன். ஒன்றரை இன்ச் சுருக்கினால் பின்பலகை இரண்டரை இன்ச் ஏறும். ஆனால் ரோட்டவேட்டர் மூக்கு குத்தி நிற்கும். கியர்பாக்ஸ் முன்னால் சாயும், எஞ்சின் சுழற்சியை ரோட்டவேட்டருக்குக் கொண்டுபோகும் பிடிஓ ஷாஃப்ட்டின் கோணம் கெடும், வேலை செய்யும்போது பலகையும் மண்ணைச் சரியாக மட்டம் தட்டாது. ரோட்டவேட்டருக்கு டாப் லிங்க் மட்டம் பார்க்க மட்டுமே என்பது என் தீர்மானம்.

அந்த டாப் லிங்க்கைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அயர்லாந்துக்காரர் ஹாரி பெர்குசன் 1920-களில் இந்த மூன்று புள்ளி இணைப்பை உருவாக்கினார். அதற்கு முன் கலப்பை வேரிலோ கல்லிலோ மாட்டினால் டிராக்டர் முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஓட்டுபவர் மேலேயே கவிழும். மேலே ஒரு லிங்க் வைத்ததும், கலப்பை தடுக்கும்போது அந்த விசை டாப் லிங்க் வழியாக முன்சக்கரத்தை அழுத்துகிறது. எத்தனையோ உயிரைக் காத்த யோசனை. அவர் பெயர் சேர்ந்த மாஸ்ஸி பெர்குசன் டிராக்டரை, 1960இல் தொடங்கிய டாஃபே நிறுவனம் நம் வடசென்னையில், செம்பியத்தில் செய்தது. பெரம்பூர் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அது நினைவு வரும்.

சரி, நான்கு வருடத்தில் என்னென்ன ஆனது?

முதல் சொர்ணவாரிப் பட்டத்திலேயே பிடிஓ ஷாஃப்ட்டின் கிராஸ் (மடங்கும் மூட்டில் இருக்கும் சிலுவை வடிவ இரும்பு) உடைந்தது. பழைய பழக்கத்தில் பிடிஓவை நிறுத்தாமல் முழுக்கத் தூக்கித் திருப்பினேன். நாலரை இன்ச் கூடுதல் உயரத்தில் ஷாஃப்ட் அதிகமாக மடங்கி, கடகடவென்று சத்தம் வந்தது. இரண்டு நாள் கவனிக்காமல் விட்டேன், மூன்றாம் நாள் போனது. இப்போது லீவர் பாதையில் இருக்கும் நிறுத்தத்தை, பிளேடு மண்ணை விட்டு எழும் அளவுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். வரப்பு தாண்டவும் ரோட்டில் ஓட்டவும்தான் முழு உயரம், அப்போது பிடிஓ கட்டாயம் நிறுத்தம். ஷாஃப்ட்டின் உள்குழாயும் வெளிக்குழாயும் முழுத் தூக்கில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்கிறதா என்றும் அளந்து பார்த்துக்கொண்டேன்.

அடுத்தது செக் செயின், லோயர் லிங்க் பக்கவாட்டில் அதிகம் ஆடாமல் பிடிக்கும் சங்கிலி. பழைய உயரத்தில் தளர்வாக இருந்த செயின் புது உயரத்தில் விறைத்து, பிராக்கெட் போல்ட்டை வளைத்துவிட்டது. செயினை எப்போதும் முழுக்கத் தூக்கி வைத்துத்தான் இறுக்கம் பார்க்க வேண்டும். தூக்கியிருக்கும்போதும் சற்றே ஆட இடம் வேண்டும், டயரைத் தொடும் அளவுக்கு ஆடக் கூடாது. இதையும் எட்டி நின்று கண்ணால் பார்த்துவிட்டு, இறக்கி வைத்த பிறகுதான் திருகுவேன்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வண்டி தண்ணீரில் நின்றது. வடிந்த பின் டிப்ஸ்டிக்கை எடுத்தால் எண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருந்தது. என் வண்டியில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய். ஸ்டார்ட் செய்யாமலே முழுக்க வடித்து, ஃபில்டர் மாற்றி, புது எண்ணெய் ஊற்றினோம். அப்படியே ஓட்டியிருந்தால் நிஜமாகவே பம்ப் போயிருக்கும். அந்த வெள்ளத்துக்குப் பின் ராட்டின் திருகு மரை துருப்பிடித்து இறுகிவிட்டது. எண்ணூர் கடல் காற்றுக்கு இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். இரண்டு நாள் எண்ணெய் ஊற வைத்துத்தான் கழற்ற முடிந்தது. அன்றிலிருந்து வாரம் ஒரு முறை மரைக்கு கிரீஸ், உழவு இல்லாத மாதத்திலும்.

ஒன்பது கொழுக் கலப்பை மாட்டும்போது மட்டும் இந்த அமைப்பு ஒத்துவரவில்லை, கொழு போதுமான ஆழம் இறங்கவில்லை. அதற்கு இரண்டு ராட்டையும் முக்கால் இன்ச் திரும்ப நீட்டுகிறேன். ராட் இரண்டிலும் ரோட்டவேட்டருக்கு வெள்ளை, கலப்பைக்கு மஞ்சள் என்று பெயின்ட் அடையாளம் வைத்திருக்கிறேன். மாற்ற இருபது நிமிடம் ஆகிறது. சம்பா அறுப்பு முடிந்ததும் வெள்ளைக் குறிக்கு ஏற்றிவிடுவேன், நவரைச் சேற்று உழவுக்கு.