சிமுலேட்டரில் ஈஸ்ட் கிர்க்பி, 1944: நான்கு ஆண்டு ஓட்டிய பிறகு

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில், வோல்ட்ஸ் குன்றுகள் முடிந்து சமவெளி தொடங்கும் இடத்தில் ஈஸ்ட் கிர்க்பி என்ற சிற்றூர் இருக்கிறது. 1943 ஆகஸ்டில் அங்கே குண்டுவீச்சு விமானங்களுக்கான தளம் ஒன்று திறக்கப்பட்டது. அதே லிங்கன்ஷயரின் ஸ்கேம்ப்டன் தளத்தில் இருந்த 57ஆவது ஸ்குவாட்ரன் அங்கே இடம்பெயர்ந்தது. நவம்பரில் 630ஆவது ஸ்குவாட்ரன் அங்கேயே உருவானது. இரண்டுமே நான்கு எஞ்சின் கொண்ட லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களை ஓட்டிய படைகள். அந்தத் தளத்தை 1944இல் இருந்தபடி, கணினியில் விமானம் ஓட்டும் ஃபிளைட் சிமுலேட்டருக்குள் கட்ட 2021இல் உட்கார்ந்தேன். முதல் வடிவம் எட்டு மாதத்தில் முடிந்தது. அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு இரவாவது அங்கிருந்து கிளம்பி அங்கேயே இறங்கிக்கொண்டிருக்கிறேன். கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்த பிழைகளைவிட ஓட்டிக் கண்டுபிடித்த பிழைகள்தான் அதிகம். அதனால்தான் கட்டி முடித்த அன்றே எழுதாமல் இப்போது எழுதுகிறேன்.

போர்க்காலத் தளம் ஒன்றைச் சிமுலேட்டரில் கட்ட நினைப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: முதலில் தரையைக் கட்டுங்கள். நான் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் தொடங்கினேன். ஜன்னல் சட்டம், இரும்புக் கைப்பிடி, பால்கனி என்று இரண்டு மாதம் அதிலேயே போனது. லங்காஸ்டரின் விமானி இருக்கையிலிருந்து அந்தக் கோபுரம் கட்டைவிரல் அளவுதான் தெரிகிறது. எப்போதும் கண்ணில் படுவது ஓடுபாதையும், சுற்றுப்பாதையும், தூரத்து மரவரிசையும்தான்.

அந்தக் காலத் தளங்களின் தரைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. 1942இல் பிரிட்டனில் சராசரியாக மூன்று நாளுக்கு ஒரு புதிய தளம் உருவானதாகச் சொல்வார்கள். அந்த வேகத்தில் கட்ட வேண்டுமென்றால் ஒரே அச்சில்தான் வார்க்க முடியும். ‘ஏ வகுப்பு’ என்று அழைக்கப்பட்ட அந்த அச்சில் மூன்று ஓடுபாதைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஏறக்குறைய ஆங்கில ஏ எழுத்து வடிவில் கிடக்கும். முதன்மைப் பாதை 2000 கெஜம், அதாவது 1829 மீட்டர். மற்ற இரண்டும் 1400 கெஜம். அகலம் 50 கெஜம். மூன்றின் முனைகளையும் தொட்டுக்கொண்டு 50 அடி அகலத்தில் ஒரு சுற்றுப்பாதை. அதிலிருந்து கிளைகிளையாகப் பிரிந்து விமானங்கள் நிற்கும் வட்டமான மேடைகள். கைப்பிடி வைத்த தோசைக்கல் போன்ற அந்த வடிவத்தை விமானப்படையினர் ‘வறுசட்டி’ என்றே அழைத்தார்கள். எதிரி ஒரு குண்டு போட்டால் ஒரு விமானத்துக்கு மேல் போகக் கூடாது என்பதற்காகத்தான் இப்படிச் சிதறி நிறுத்தினார்கள்.

எதற்கு மூன்று ஓடுபாதைகள்? இதைப் படித்தபோது எனக்குப் புரியவில்லை, ஓட்டியபோதுதான் புரிந்தது. வால் சக்கரம் வைத்த விமானத்தைப் பக்கக்காற்று பிடித்து இழுத்தால் கட்டுப்படுத்துவது கடினம். லங்காஸ்டர் புறப்படும்போது காற்றே இல்லாவிட்டாலும் இடப்பக்கம் இழுக்கும். அதற்காக இடப்பக்க எஞ்சின்களின் விசையைக் கூட்டும் கைப்பிடியான த்ராட்டிலைச் சற்று முந்தித் தள்ள வேண்டும். அதோடு பக்கக்காற்றும் சேர்ந்தால் புல்லில்தான் போய் நிற்போம். மூன்று பாதைகள் இருந்தால் ஆறு திசைகள் கிடைக்கும், காற்றுக்கு முகம் கொடுக்கும் பாதை ஒன்றாவது அமையும். தொடக்கத்தில் சோம்பலில் முதன்மைப் பாதையை மட்டும் ஒழுங்காகக் கட்டிவிட்டு மற்ற இரண்டையும் வெறும் படமாக விரித்திருந்தேன். ஒரு வாரம் வடமேற்குக் காற்றில் ஓட்டிப் பார்த்த பிறகு அந்த இரண்டையும் முதலிலிருந்து கட்டினேன்.

அளவுகளைக் காகிதத்தில் நம்பலாம், இடத்தை நம்பக் கூடாது. போர் முடிந்ததும் பிரிட்டிஷ் விமானப்படை நாட்டை வானிலிருந்து படமெடுத்தது. அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்கள்தான் இந்த வேலைக்கு ஆதாரம். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் பழைய படத்தை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்த வேண்டும். அதற்கு இரண்டிலும் இடம் மாறாத புள்ளிகள் தேவை. சாலைச் சந்திப்புகளை வைத்துப் பொருத்தினேன். ஓடுபாதை பன்னிரண்டு மீட்டர் தள்ளிப் போனது. சாலைகளை அகலப்படுத்தியிருந்தார்கள், சந்திப்புகள் நகர்ந்திருந்தன. கடைசியில் கைகொடுத்தவை தேவாலயக் கோபுரங்கள். சுற்றியிருக்கும் ஐந்து கிராமங்களின் கோபுரங்களைப் புள்ளிகளாக வைத்தபோது பிழை மூன்று மீட்டருக்குள் வந்தது. இந்த வேலையில் யார் என்னிடம் யோசனை கேட்டாலும் கோபுரங்களைத் தேடச் சொல்கிறேன்.

இன்றைய செயற்கைக்கோள் படத்தை மட்டும் வைத்துக் கட்டுபவர்கள் தவறிவிடும் இடமும் இதுதான். இன்றைய வயல்கள் பெரியவை. அன்றைய வயல்கள் சிறியவை, ஒவ்வொன்றையும் சுற்றி உயிர்வேலி, வேலிகளில் ஓங்கி வளர்ந்த எல்ம் மரங்கள். 1960களின் இறுதியில் பரவத் தொடங்கிய நோய் இங்கிலாந்தின் எல்ம் மரங்களைக் கோடிக்கணக்கில் அழித்துவிட்டது. சிமுலேட்டர் தானாக நட்டுத் தருவது இன்றைய மரங்களை. இறங்கும்போது உயரத்தைக் கணிக்க விமானி பார்ப்பது அந்த மரவரிசையைத்தான், அது இல்லாவிட்டால் தளமே வேறு ஊர் போலத் தெரிகிறது. எல்ம் மரத்தை முப்பரிமாண மாதிரி செய்யும் பிளெண்டர் மென்பொருளில் தனியாகச் செய்து, பழைய படத்தில் நிழல் விழும் இடங்களைப் பார்த்து நட்டேன். மரத்தின் உயரத்தைக்கூட நிழலின் நீளத்தை வைத்து ஓரளவு கணக்கிடலாம். எட்டு மாதத்தில் நான் செய்த மிக நல்ல வேலை எது என்று கேட்டால், கோபுரத்தைச் சொல்ல மாட்டேன், இந்த மரங்களைச் சொல்வேன்.

அடுத்து கான்கிரீட். இதைக் கற்றுத் தந்தவர் என் சித்தப்பா. நாற்பது ஆண்டுகள் கட்டட மேஸ்திரியாக இருந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர் என் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

“இது என்னடா, ரப்பர் பாயை விரித்தது போல இருக்கிறது? ஜாயிண்ட் எங்கே?”

“என்ன ஜாயிண்ட், சித்தப்பா?”

“இவ்வளவு நீளக் கான்கிரீட்டை ஒரே வார்ப்பாகவா போடுவார்கள்? வெயிலில் விரிந்தால் வெடித்துவிடாதா? பாத்தி பாத்தியாகத்தான் போட்டிருப்பார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்.”

பெரிதாக்கிப் பார்த்தேன். தலைமுடி போன்ற கோடுகள் சீரான இடைவெளியில் தெரிந்தன. நான் அதுவரை அவற்றைப் படத்தின் கீறல் என்று நினைத்திருந்தேன். அன்று மாலை முழுவதும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த ஓரம் முதலில் உடையும், எந்த இணைப்பில் புல் முதலில் முளைக்கும், மழைநீர் எங்கே தேங்கும் என்று சொல்லச் சொல்ல நான் வரைந்துகொண்டே போனேன். பின்னர் பல தளங்களில் கான்கிரீட்டின் பளபளப்பு வானிலிருந்து தெரியாமலிருக்கத் தாரைப் பூசி மரச்சில்லுகளைத் தூவினார்கள் என்று படித்து, ஓடுபாதைக்கு அந்த மங்கிய கருமையையும் கொடுத்தேன். இந்த நான்கு ஆண்டில் ஒருமுறைகூட மாற்றத் தோன்றாத ஒரே பகுதி இந்தத் தரைதான்.

சுற்றுப்பாதையில் ஒரு பாடம் காத்திருந்தது. லங்காஸ்டரின் இறக்கை முனைக்கு முனை 102 அடி, பாதையோ 50 அடி. சக்கரங்கள் நடுவில் போனாலும் இரு பக்கமும் 26 அடி இறக்கை புல்வெளிக்கு மேலே நீண்டிருக்கும். அழகுக்காகப் பாதையிலிருந்து இருபது அடி தள்ளி ஒரு தண்ணீர் வண்டியை நிறுத்தியிருந்தேன். முதல் முறை அந்த வளைவில் திரும்பும்போதே வலப்பக்க இறக்கை அதில் மோதி ஆட்டம் முடிந்தது. அதன் பிறகு சுற்றுப்பாதை முழுவதையும் அளவுகோலோடு நடந்து பார்ப்பது போல ஒரு சுற்று ஓட்டி, ஓரத்தில் வைத்திருந்த எல்லாவற்றையும் தள்ளி வைத்தேன்.

தரையைச் சமமாக்கும் வசதி சிமுலேட்டரில் இருக்கிறது, அதை அளவோடு பயன்படுத்துங்கள். நான் தளம் முழுவதையும் ஒரே தட்டாக்கினேன். கிராமத்துப் பக்கம் ஆளுயர மண் சுவர் ஒன்று எழுந்து நின்றது. உண்மையான தளங்களில் மேடு பள்ளம் உண்டு. சமமாக்கலை நீக்கியதும் அந்த மேடுகள் திரும்பி வந்தன. பாதையின் ஒரு முனையில் நிற்கும்போது மறுமுனையில் காத்திருக்கும் லங்காஸ்டரின் சக்கரங்கள் மறைந்து, வயிறு மட்டும் தரையில் மிதப்பது போலத் தெரிந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

கட்டடங்களில் அதிக நேரம் போக வேண்டியதில்லை. எல்லாமே அரசு வரைபட எண்ணின்படி கட்டியவை. கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு 12779/41 என்ற வரைபடம், பின்னர் ஜன்னல்களைச் சிறிதாக்கிய 343/43. டி2 விமானக் கொட்டகை ஏறக்குறைய 240 அடி நீளம், 115 அடி அகலம். நிஸ்ஸன் குடில்கள் அரைவட்ட இரும்புத் தகட்டுக் கூரை. ஒருமுறை செய்துவிட்டால் அடுத்த தளத்துக்கும் அப்படியே உதவும்.

இரவுக்கு வருகிறேன். நான் இந்தத் தளத்தை நேசிப்பதற்கு இரவுதான் காரணம். முதல் வடிவத்தில் சுற்றுவட்டாரக் கிராமங்களெல்லாம் இன்றைய மின்விளக்குகளோடு ஜொலித்தன. 1944இல் அது முழு இருட்டு நாடு. இருபது கிலோமீட்டர் சுற்றளவில் எல்லா விளக்குகளையும் அணைக்க மூன்று வாரம் ஆனது. அதன் பிறகு ட்ரெம் விளக்கமைப்பை வைத்தேன். ஸ்காட்லாந்தில் ட்ரெம் என்ற தளத்தில் உருவாகி அந்தப் பெயரையே பெற்ற முறை அது. தளத்தைச் சுற்றி ஒரு பெரிய விளக்கு வட்டம், அதிலிருந்து ஓடுபாதைக்குப் புனல் போலக் குறுகி வரும் விளக்குகள். ஓடுபாதை விளக்குகளுக்கு மறைப்பு உண்டு, சரியான கோணத்தில் வருபவருக்குத்தான் தெரியும். தளத்தின் இரண்டு எழுத்துக் குறியை மோர்ஸில் சிமிட்டும் சிவப்பு விளக்குக்கு ‘பண்டிட்’ என்று பெயர். ஈஸ்ட் கிர்க்பிக்கு ஒரு புள்ளி, சற்று இடைவெளி, பிறகு கோடு, புள்ளி, கோடு. ஐந்து மணி நேரம் இருட்டில் பறந்து திரும்பும்போது அந்தச் சிவப்புச் சிமிட்டல் தெரியும் கணத்தில் என் தோள்கள் தாமாகத் தளர்கின்றன. மேசை விளக்கின் கீழ், யாரும் என்னைச் சுடாத அறையில் எனக்கே அப்படியென்றால் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

குறைகளும் உண்டு. சிமுலேட்டரின் ஒரு பெரிய புதுப்பிப்புக்குப் பிறகு என் கான்கிரீட் முழுவதும் ஈரம்பட்ட தார்ச்சாலையாக மாறியது, திருத்த இரண்டு வார இறுதிகள் போயின. ஆண்டுக்கு ஒருமுறையாவது இப்படி ஏதாவது நடக்கும், அதற்கு மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்கும் காட்சித் தொகுப்புகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. நான் வாங்கிய ஒன்றில் 1943 மே 16இல் ஜெர்மனியின் அணைகளைத் தகர்க்கக் கிளம்பிய 19 லங்காஸ்டர்கள் ஸ்கேம்ப்டனின் நீண்ட கான்கிரீட் பாதையில் நின்றன. அன்று ஸ்கேம்ப்டன் புல்தரைத் தளம். இன்றுள்ள நீண்ட பாதை 1950களில் வந்தது. அதற்கு இடம்விடத்தான் ரோமானியர் காலத்து நேர்ச்சாலை அங்கே மட்டும் வில் போல வளைகிறது. குண்டுச் சுமையோடு புல்லில் குலுங்கி ஓடி எழும் அனுபவத்தை எடுத்துவிட்டால் அந்த இரவில் மிச்சம் என்ன?

போருக்குப் பிறகு பெரும்பாலான தளங்கள் வயலாகின, சிலவற்றின் மேல் கோழிக் கொட்டகைகள் எழுந்தன. நம் சோழவரத்துப் போர்க்கால ஓடுதளம் மோட்டார் பந்தயக் களமானது போல, 1943இல் திறந்த சில்வர்ஸ்டோன் தளம் 1948இல் பந்தயத் தடமானது. ஈஸ்ட் கிர்க்பிக்கு வேறு கதை. 1944 மார்ச் 30 இரவு ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரைத் தாக்கச் சென்ற 795 விமானங்களில் 95 திரும்பவில்லை. அந்த இரவில் அண்ணனை இழந்த இரண்டு சகோதரர்கள், கோழிப்பண்ணை நடத்தியவர்கள், பின்னாளில் இந்தத் தளத்தை வாங்கிக் கோபுரத்தைச் சீரமைத்து அருங்காட்சியகமாக்கினார்கள். அங்கே ஒரு லங்காஸ்டர் இன்றும் நான்கு எஞ்சின்களையும் முடுக்கித் தரையில் ஓடுகிறது.

கடைசியாக வேகம் பற்றி. முப்பத்தாறு மேடைகளிலும் நிறுத்திவைத்த லங்காஸ்டர்களை வைத்தபோது என் பழைய கணினி திணறியது, திரை விநாடிக்குப் பதினெட்டுப் படங்களுக்கு இறங்கிவிட்டது. மாதிரிகளை எளிமையாக்கியும் போதவில்லை. வேறு வழியின்றி வடக்குப் பக்க மேடைகளில் நான்கு விமானங்களை நீக்கினேன். சரியாக ஓடியது. அன்று இரவுப் பயணம் முடிந்து விடியற்காலை மூடுபனியில் இறங்கி, சுற்றுப்பாதையில் மெல்ல ஊர்ந்து வந்தேன். ஒரு மேடையில் விமானம், அடுத்ததில் விமானம், அதற்கடுத்தது வெறும் கான்கிரீட். அதன் ஓரத்தில் தரைப் பணியாளருக்காக நான் சாய்த்து வைத்திருந்த சைக்கிள் மட்டும் நின்றது.

போன ஆண்டு புதிய கணினி வாங்கிவிட்டேன். முப்பத்தாறும் தாராளமாக ஓடும். அந்த நான்கு மேடைகளில் நான் எதையும் திருப்பி வைக்கவில்லை.