மார்கழியில சினை மாட்டுக்கு எது போடலாம்: சோறா, புண்ணாக்கா, பருத்திக்கொட்டையா, யூரியா வைக்கோலா?

மணலி, மாதவரம் பக்கம் மாடு வெச்சிருக்கறவங்களுக்குத் தெரியும், கார்த்திகை மழைக்கப்புறம் ஏரிக்கரை, கொசஸ்தலை ஆத்தோரம்லாம் தண்ணி நின்னு மேய்ச்சலே இருக்காது, தை பொறந்து சம்பா அறுத்தாதான் பொன்னேரி, மீஞ்சூர்லருந்து புது வைக்கோல் வரும், அதுவரைக்கும் பழைய வைக்கோல்தான்.

வைக்கோல்ல புரதம் 3, 4 சதம்தான் இருக்கு. பெருவயித்துல இருக்கற நுண்ணுயிருங்களுக்கு 7 சதமாவது வேணும், இல்லன்னா தின்னதே செரிக்காது, மாடும் தீனிய குறைச்சிடும்.

நம்மாளுங்க முதல்ல தேடுறது மண்டபத்துல மிஞ்சின சோறு. தயவுசெஞ்சு வேணாங்க. சோத்துல இருக்கறது மாவுச்சத்து, புரதம் கம்மி, நிறைய தின்னா வயித்துல புளிச்சு அமிலமாகி மாடு படுத்துடும். எங்க வீட்டு எட்டு மாச சினை மாடு ஒரே ராத்திரில அப்படித்தான் போச்சு, அந்த அண்டாவ இறக்கி வெச்சது நான்தான், இன்னும் மனசு ஆறல.

கடலைப் புண்ணாக்குல புரதம் 40 சதத்துக்கு மேல. 6 கிலோ வைக்கோல் தின்ற, பால் வத்தின மாட்டுக்கு முக்கா கிலோ போதும். ஆனா மழைல பூசணம் புடிச்சா அஃப்ளடாக்சின் விஷம் வரும், கட்டிய உடைச்சு மோந்து பாத்து வாங்குங்க.

பருத்திக்கொட்டைல புரதம் 22 சதம்தான், ஒன்றரை கிலோ வேணும், அதுல கொழுப்பு இருக்கறதால தெம்பும் சேந்து கிடைக்கும். அமெரிக்காவுல மேய்ச்சக்காட்டு கறி மாட்டுக்கு பனிக்காலத்துல பருத்திக்கொட்டைப் புண்ணாக்க வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் மட்டும் போடுவாங்க, புரதத்துல மிஞ்சின நைட்ரஜன் ரத்தத்துலயும் எச்சில்லயும் திரும்ப வயித்துக்கே வந்துடுறதால நடுவுல போடாத நாளயும் மாடு தாங்கும். தானியத்த அப்படி விட்டு விட்டு போடக்கூடாது.

செலவு கம்மின்னா யூரியா வைக்கோல்தான், 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவ 65 லிட்டர் தண்ணில நல்லா கரைச்சு தெளிச்சு தார்ப்பாய் போட்டு காத்து புகாம 21 நாள் மூடணும், புரதம் ரெட்டிப்பாகும். போடறதுக்கு முன்ன ஆறவிட்டு நெடி போனதும் போடுங்க, ஆறு மாசத்துக்கு கீழ கன்னுக்குட்டிக்கு வேணவே வேணாம். எங்க சந்துல அவ்ளோ வைக்கோல மூடி வெக்க இடமில்ல, அதனால இந்த மார்கழிக்கு காலைல அர கிலோ கடலைப் புண்ணாக்கு, சாயந்தரம் அர கிலோ பருத்திக்கொட்டை, கூட தாது உப்பும் போடறேன், மாடு தொட்டிய நக்கி காலி பண்ணுது.