மொழி வரைபட ஆப்: ஒரு மாதம் காசு கட்டிப் பார்த்தேன்

கோவையில் வெட் கிரைண்டர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கிரைண்டர் பெட்டிக்குள் ஒரு தாள் இருக்குமே, கல்லை எப்படி மாட்டுவது, எவ்வளவு தண்ணீர் விடுவது என்று, அதைத் தயார் செய்து அச்சுக்கு அனுப்புவது என் வேலை. போன மாதம் முதலாளி கூப்பிட்டார். "துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் சரக்கு போகுதும்மா. மலையாளத்துல ஒரு பக்கம், சைனீஸ்ல ஒரு பக்கம் சேர்த்துடுங்க. எந்தப் பெட்டிக்கு எதுன்னு நீங்களே பார்த்துக்கோங்க."

அதற்காகத்தான் இந்த ஆப். இரண்டு மொழிகளைத் தேர்ந்தெடுத்தால், எது எங்கே பேசப்படுகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வரைபடம் போட்டுக் காட்டும். மாதம் 299 ரூபாய். பார்க்க அழகாக இருக்கிறது, வேகமாகவும் திறக்கிறது. அதோடு பாராட்டை நிறுத்திக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

மலையாளத்தைத் தட்டினேன். கேரளம், லட்சத்தீவு, புதுச்சேரி மூன்றுக்கும் பச்சை நிறம். ஆட்சிமொழிப் பட்டியலைப் பார்த்துப் பூசியிருக்கிறார்கள் என்று புரிகிறது. ஆனால் புதுச்சேரியில் மலையாளம் என்றால் அது மாஹே. கண்ணூருக்கும் கோழிக்கோட்டுக்கும் நடுவே, வெறும் 9 சதுர கிலோமீட்டரில், மேற்குக் கடற்கரையில் இருக்கும் ஊர். ஆப்போ வங்கக் கடலோரத்துப் புதுச்சேரி நகரத்தையும், காரைக்காலையும், தெலுங்கு பேசும் ஏனாமையும் சேர்த்துப் பச்சையாக்கிவிட்டது. புதுச்சேரி பீச் ரோட்டில் நின்று மலையாளத்தில் வழி கேட்டுப் பாருங்கள், தெரியும். லட்சத்தீவிலும் இதே கதைதான். தெற்கே தனியாகக் கிடக்கும் மினிக்காயில் பேசுவது மஹல், மாலத்தீவு மொழியின் உறவு. அந்தத் தீவும் பச்சை.

பூச வேண்டிய இடத்தில் மட்டும் பூசவில்லை. எங்கள் ஊரிலிருந்து வாளையாறைத் தாண்டினால் பாலக்காடு. எல்லைக்கு இந்தப் பக்கமே எத்தனை டீக்கடைகளில் மலையாளம் கேட்கிறது! கூடலூரில் கேளுங்கள், விளவங்கோட்டில் கேளுங்கள். ஆப்பில் தமிழ்நாடு முழுக்கச் சாம்பல் நிறம். மாநில எல்லையில் மொழி பிரேக் போட்டு நின்றுவிடுமா என்ன?

எனக்கு முக்கியமாக வேண்டியது வளைகுடா. அதைத் தேடினால், "பிற" என்ற தலைப்பின் கீழே பொடி எழுத்தில் ஒரே வரி. அமீரகத்தில் மலையாள எஃப்எம் ஓடுகிறது. எங்கள் துபாய் டீலர் வடகராக்காரர், கடையில் வாங்க வருகிறவர்களோடு நாள் முழுக்க மலையாளம்தான் பேசுகிறார். 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் மலையாளம் தாய்மொழி என்றவர்கள் சுமார் 3 கோடியே 48 லட்சம் பேர். ஆப் அந்த எண்ணைக் காட்டுகிறது, கடல் தாண்டியவர்களை விட்டுவிடுகிறது. இதை நம்பியிருந்தால் துபாய் பெட்டியில் மலையாளத் தாளே போயிருக்காது.

அப்புறம் சீனம். இங்கேதான் எனக்குக் கோபமே வந்தது. சீனா முழுக்க ஒரே சிவப்பு. திபெத்தும் சிவப்பு, உய்கர் பேசும் சின்ஜியாங்கும் சிவப்பு. பொதுச்சீனம், அதாவது பள்ளியிலும் டிவியிலும் வரும் மாண்டரின், பேசத் தெரிந்தவர்கள் 80 சதவீதம் சொச்சம் என்று சீன அரசே 2020-இல் சொன்னது. அதுவும் பேசத் தெரிந்தவர்கள்தான், வீட்டில் அதையே பேசுகிறவர்கள் இல்லை. குவாங்சோவில் கான்டனீஸ், ஷாங்காயில் வூ, ஃபூஜியானில் மின் என்று ஊருக்கு ஊர் சீனப் பேச்சே வேறு. பெய்ஜிங்காரருக்கு ஹாங்காங் பேச்சு புரியாது. மலையாளம் படிக்காத எனக்கு மலையாளப் படம் பாதியாவது புரியும், அவருக்கு அந்த அளவுகூடத் தேறாது. இத்தனையையும் "சைனீஸ்" என்று ஒரே பொத்தானில் அடைத்து மலையாளத்தோடு எடை போட்டால் என்ன ஒப்பீடு?

பேச்சை விடுங்கள், எனக்கு வேண்டியது எழுத்து. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சீனாவைப் போலச் சுருக்கிய எழுத்து. தைவான், ஹாங்காங், மக்காவ் மூன்றிலும் பழைய எழுத்து. அச்சடிக்கிறவளுக்கு உயிர்போகிற விஷயம் இதுதான். ஆப்பில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. மொழிபெயர்ப்பாளர்தான் முதல் போனிலேயே "எந்த எழுத்து மேடம்?" என்று கேட்டுக் காப்பாற்றினார். மலேசியச் சீனர்கள் பினாங்கில் வீட்டில் பேசுவது ஹொக்கியன் (மின்னில் ஒரு வகை), கோலாலம்பூரில் கான்டனீஸ் அதிகம் என்பதும், ஆனாலும் தாள் ஒன்றே போதும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது.

நல்லதும் ஒன்று உண்டு, குரல் பதிவுகள். காசர்கோடு, திருச்சூர், திருவனந்தபுரம் மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டேன். திருச்சூர் இழுவை அப்படியே இருக்கிறது. அரைமணி நேரம் வேலையை மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சீனத்துக்கு ஒரே ஒரு பெண் குரல், அதுவும் செய்தி வாசிப்பதுபோல.

கடைசியாக "இரண்டும் பேசப்படும் இடங்கள்" என்று ஒரு பொத்தான். தட்டினால் "இல்லை" என்கிறது. சிங்கப்பூர் எங்கே போயிற்று? மலையாளிகள் அங்கே தலைமுறைகளாக இருக்கிறார்கள். கொச்சிக் கடலோரத்தில் நிற்பது சீனவலை, மலையாளி வீட்டில் வதக்குவது சீனச்சட்டியில், ஊறுகாய் போடுவது சீனபரணியில். அதெல்லாம் பேச்சிடம் ஆகாதுதான், சரி. சிங்கப்பூருக்கு என்ன சமாதானம்?

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், அதில் ஒன்றரை அந்தத் திருச்சூர் குரலுக்கு. சந்தாவை நிறுத்தும் பொத்தான் அமைப்புகளுக்குள் மூன்றாவது திரையில், எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. மாதம் முடிவதற்கு முந்தின நாளே தட்டிவிடுங்கள். நான் ஒரு நாள் தள்ளிப்போட்டு இன்னொரு 299 கட்டினேன்.