புரை ஆபரேஷனுக்கு முன் விழித்திரை ஸ்கேன் எடுத்தார்களா என்று கேளுங்கள்

வீட்டுப் பெரியவர்களைக் கண்புரை ஆபரேஷனுக்குக் கூட்டிப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். லென்ஸுக்குப் பணம் கட்டும் முன், விழித்திரையை ஓசிடி ஸ்கேன் எடுத்தார்களா என்று கேட்டுவிடுங்கள். எங்கள் அப்பாவுக்கு எடுக்கவில்லை. எண்பதாயிரம் ரூபாய் லென்ஸை மட்டும் வைத்து அனுப்பினார்கள்.

அப்பாவுக்குச் சோமனூர்ப் பக்கம் விசைத்தறி. ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. வலது கண் மங்கியதும் திருப்பூரில் ஒரு தனியார் கண் மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் பார்த்ததைவிட லென்ஸ் கவுன்சிலர் பேசியதுதான் அதிகம். "மல்டிஃபோகலே வெச்சரலாங்ணா, அப்புறம் அப்பாவுக்குக் கண்ணாடியே வேண்டாமுங்க." ஸ்கேன் என்று ஒன்று எடுத்தார்கள்தான். ஆனால் அது லென்ஸ் பவருக்காகக் கண்ணின் நீளத்தையும் கருவிழி வளைவையும் அளப்பது. விழித்திரை நன்றாக இருக்கிறதா என்று அது சொல்லாது.

ஆபரேஷனில் குறையில்லை. வெளிச்சமாகத் தெரிகிறது என்று அப்பாவும் சொன்னார். தறிக்குத் திரும்பிய பிறகுதான் வினை. பாவு நூல் நடுவில் வளைந்து நெளிந்து தெரிகிறதாம். துணியில் இழை விட்டிருந்தால் கண்டுபிடிக்க முடியவில்லை. மருத்துவமனையில் போய், "ஏனுங்க டாக்டர், நேர்க்கோடெல்லாம் கோணலாத் தெரியுதுங்க" என்றால், கண் வறட்சி என்று சொட்டு மருந்து. அடுத்த முறை போனால், புது லென்ஸுக்கு மூளை பழக வேண்டும் என்று பதில்.

கோயம்புத்தூரில் ஒரு விழித்திரை டாக்டரிடம் காட்டினோம். ஓசிடி எடுக்கச் சில நிமிஷம்தான். ஊசி கிடையாது, வலி கிடையாது. ஒளியை வைத்தே விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகக் காட்டிவிடுகிறது. கூர்மையான பார்வைக்கு ஆதாரமான, விழித்திரையின் நடுப்பகுதியான மக்குலாவின் மேல் மெல்லிய சவ்வு ஒன்று படர்ந்து, அதைச் சுருக்கி இழுத்துக்கொண்டிருந்தது. இது ஒரு மாதத்தில் வந்திருக்காது, முன்பே இருந்ததுதான், புரையின் மங்கலில் தெரியாமல் போயிருக்கிறது என்றார். மல்டிஃபோகல் லென்ஸ் வெளிச்சத்தைப் பல தூரங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதால் கான்ட்ராஸ்ட் குறையும். மக்குலாவில் கோளாறு இருப்பவருக்கு அது இரட்டை நஷ்டம். சாதாரண ஒற்றை ஃபோகஸ் லென்ஸே போதும் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

இந்தச் சவ்வு மட்டுமல்ல; சர்க்கரையால் மக்குலாவில் நீர் கோப்பது, அங்கே ஓட்டை விழுவது, வயதினால் வரும் தேய்மானம் எல்லாம் இந்த ஸ்கேனில் தெரியும். நீர் கோத்திருந்தால் பெரும்பாலும் அதற்கு முதலில் வைத்தியம் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் ஆபரேஷனுக்குப் பின் அது கூடிவிடலாம். புரை ரொம்ப முற்றிவிட்டால் ஓசிடியில் படம் விழாது. அப்போது பி ஸ்கேன் என்ற அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள். விழித்திரை பிரிந்திருப்பதை அது காட்டும், இப்படி மெல்லிய சவ்வைக் காட்டாது. அதையாவது முன்கூட்டி வாய்விட்டுச் சொல்ல வேண்டாமா?

எனக்குக் கோபம் வந்தது ஃபைலைப் பார்த்தபோதுதான். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. அதைச் சொன்ன பிறகே நகல் வந்தது. ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனையில், விழித்திரை தெளிவாகத் தெரியவில்லை என்று அவர்கள் கைப்படவே எழுதியிருக்கிறார்கள். ஓசிடி மெஷின் அதே கட்டடத்தில் மாடியில் இருக்கிறது! கேட்டதற்கு, "சம்மதப் படிவத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்றார் மேனேஜர்.

சவ்வை உரித்தெடுக்கத் தனி ஆபரேஷன் இருக்கிறது. இப்போதைக்கு அவசரமில்லை, பார்த்துக்கொண்டே வரலாம் என்கிறார் கோயம்புத்தூர் டாக்டர். இடது கண்ணுக்கு அவரிடமே ஓசிடி எடுத்தாயிற்று. அதில் சவ்வு இல்லை. இருந்தும் சாதாரண லென்ஸ்தான் வைக்கப்போகிறோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருஷம் அவகாசம் உண்டு என்பதால் ஃபைல், பில், ஸ்கேன் எல்லாவற்றையும் வக்கீலிடம் கொடுத்திருக்கிறேன். இதற்கு நடுவில் திருப்பூரிலிருந்து போன் வருகிறது, இரண்டாவது கண்ணுக்குத் தள்ளுபடி உண்டாம்.