டிஜிட்டல் ஆங்கிள் பாக்ஸ்: சரிவு அளக்கத் தேறுமா?

குலசேகரம், திற்பரப்பு பக்கம் ரோட்டை விட உயர்ந்த மனையில் வீடு கட்டுவோருக்கு, வண்டி ஏறும் சரிவை அளக்க, சாய்வுக் கோணத்தைத் திரையில் காட்டும் இந்தக் காந்தப் பெட்டி உதவும். கண்மதிப்பை நம்பும் மேஸ்திரிகளுக்கு இது பிடிக்காது!

திரையில் வருவது டிகிரி. சாலைக் கணக்கோ சதவீதம். கால்குலேட்டரில் அந்த டிகிரிக்கு டான் (tan) போட்டு 100 ஆல் பெருக்க வேண்டும். 6 மீட்டர் கிடைநீளத்தில் 90 செ.மீ. ஏறினால் 15 சதவீதம், பெட்டி 8.5 டிகிரி காட்டும். 45 டிகிரிதான் 100 சதவீதம். சக்கர நாற்காலிக்கு 12க்கு 1, அதாவது சுமார் 4.8 டிகிரி, அதே 90 செ.மீ.க்கு 10.8 மீட்டர் இடம் வேண்டும்.

பெட்டியைத் தரையில் நேரடியாக வைத்தால் ஜல்லி மேடுபள்ளத்தில் எண் தாவும். 2 மீட்டர் இரும்புச் சதுரக் குழாயை வைத்து அதன் மேல் ஒட்டுங்கள். அலுமினியத்தில் காந்தம் பிடிக்காது. எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு பெட்டியை மட்டும் அதே இடத்தில் இடம் வலமாக மாற்றித் திருப்பி வைத்து மறுபடி பாருங்கள்; இரண்டின் சராசரிதான் சரி. முதலில் 3.1, பிறகு 3.5 என்றால் உண்மை 3.3.

பெரிய குறை ஜீரோ பட்டன்; அமுக்கும்போது உள்ள சாய்வையே பூஜ்ஜியமாக எடுத்துக்கொள்ளும். சாய்ந்த திண்ணையில் தெரியாமல் அமுக்கிவிட்டால், அதன்பின் எல்லா அளவும் தப்பு. 0.2 டிகிரி பிழையே 0.35 சதவீதம். வண்டிச் சரிவுக்கு அது பரவாயில்லை. 1 சதவீதம் வாட்டம் தேவைப்படும் ஓடைக்கு, தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்க்கும் டியூப் லெவலே மேல்.